என் ஏரியில தூண்டில் போட்டவன்

இன்னிக்கு என் ஏரியில மீன் திருடன் ஒருத்தன் மாட்டினான்!

(என் ஏரின்னா... குத்தகை ஏரிங்க. மங்கலம்பேட்டை பக்கம். மீனு மட்டும்தான் என்னுது, தண்ணி ஊரோடது!)

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நான் விருத்தாசலத்துல செராமிக் கம்பெனியில சூளை வேலை பார்த்தவன். லீவு வுட்டா தூண்டிலும் கையுமா ஏதாவது ஒரு ஏரிக்கரைதான். கூட எப்பவும் செல்வம். ஒரே ஷிஃப்ட்டு, ஒரே மண்புழு டப்பா!

“புடிச்சதே தொழிலாயிட்டா சொர்க்கம்டா”ன்னு அவன்தான் ஏத்திவுட்டான்.

வேலைய வுட்டேன். ஏரிய ஏலம் எடுத்தேன். கட்லா, ரோகு குஞ்சு வாங்கி வுட்டேன்.

அதுலேர்ந்து தூண்டில தொட்டதே இல்ல. வலை, ஐஸ் பெட்டி, வியாபாரி ஃபோனு, கொக்கு வெரட்டறது. பொழுது இதுலயே போயிடுது. (ஸ்வீட் ஸ்டால்காரர் ஜிலேபி திங்கறாரா என்ன!)

சரி, திருடன் கதைக்கு வரேன்.

காலையில கரை மேல பைக்ல போறேன். கருவேல மரத்துக்குப் பின்னாடி ஒரு தூண்டில் நீட்டிக்கிட்டு இருக்குது.

கத்தினேன் பாருங்க!

“எவன்டா அது? யாரு ஏரியில யாருடா தூண்டில் போடறது? கால ஒடிச்சிடுவேன்!”

எழுந்து நின்னது செல்வம்.

“டேய் வெண்ண, நான்தான்டா”ன்னு சிரிப்பான்னு பார்த்தேன்.

சிரிக்கல. வாளியில கெடந்த கெண்டைய திருப்பி தண்ணியில வுட்டான்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வருவீங்க, சும்மா கொஞ்ச நேரம் உக்காரலாம்னுதான் வந்தேன்.”

எடுத்துக்காதீங்க! வருவீங்க! ஸ்கூலுல ஒரே பெஞ்சுல உக்காந்தவன்ங்க அவன்!

“நீன்னு தெரியாம கத்திட்டேன்டா”ன்னேன்.

“பரவால்லைங்க. தொழில்னா அப்படித்தான். போயிட்டு வரேன்.”

சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அப்புறம்தான் மரத்தடியில பார்த்தேன். இன்னொரு தூண்டிலு. புழு மாட்டி ரெடியா இருந்துது.

எனக்குன்னு கொண்டாந்திருக்கான்.

அழுகையா வந்துடுச்சு. வேலைய வுடாம இருந்திருக்கலாமோன்னு மொத தடவையா தோணுச்சு.

மத்தியானம் ஃபோன் போட்டேன். “நாளைக்கு வாடா, நானும் தூண்டில் போடறேன்.”

“பார்க்கலாங்க.”

இத ப்ரௌசிங் சென்டர்ல உக்காந்து டைப் பண்றேன். (பக்கத்து சேர்காரர் மீன் நாத்தம் தாங்காம எழுந்து போயிட்டாரு!)

ஏரிய ஏலத்துல எடுத்துட்டேன்.

அவன் வாயால ஒரு ‘டா’ வேணும். அத எங்க ஏலம் வுடறாங்கன்னு யாருக்காவது தெரியுமாங்க?