ஒரு புட்டி உப்புத் தண்ணீர்

காலை ஏழரை மணிக்கு வட்டகொடை ஸ்டேஷனில் நின்றிருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் என் மைத்துனர் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டு, கண்டிக்குக் கிளம்பியிருந்தேன். எதிரே நிற்பவர் முகம் தெரியாத பனி. பத்து சதத்துக்கு வாங்கிய தேநீர் உதட்டுக்குப் போவதற்குள் ஆறிவிட்டது. இறம்பொடை அருவியைப் பற்றி எழுதுவதாக ஊரில் சொல்லிவிட்டு வந்தவன் நான். அருவி அழகாகத்தான் இருந்தது. ஆனால் வட்டகொடைக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட பதினோரு மைலில் பார்த்தது, அதையெல்லாம் எழுத விடவில்லை.

தலவாக்கலையில் என் பெட்டிக்கு இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் அந்த ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். மற்றவள் இருபது வயதுகூட ஆகாத தோட்டத்துப் பெண். இடுப்பில் கம்பளி சுற்றிய பெண்குழந்தை.

"எங்க தங்கச்சி, தனியாவா?" என்று பெரியவர் கேட்டார்.

"நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குங்க. பாப்பாவுக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது. எம் புருஷன் காலையில பேர் பதியிற பெரட்டுல நிக்கலைன்னா இன்னைக்கு வேலை இல்லைன்னுடுவாங்க. அதான் நான் மட்டும்."

வண்டி நகர்ந்தது. ஜன்னல் கம்பியில் பனிநீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை கழுத்தை நீட்டி அந்தக் கம்பியை நக்கியது. தாய் இழுத்து மடியில் போட்டாள். திமிறி எழுந்து மறுபடியும் நக்கியது. விளையாட்டுக்குச் செய்யவில்லை. உதடு வெடித்திருந்தது. கண்ணீர் வராமல் அழுதது.

"புள்ளைக்குத் தாகம். தண்ணி குடுங்க" என்றார் பெரியவர்.

"கருக்கல்ல இருந்து குடுத்துக்கிட்டேதாங்க இருக்கேன். பாதி வாந்தியெடுத்துடுது."

பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தாள். குழந்தை அதைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டது. அவள் கன்னத்தை அழுத்தி ஒரு கரண்டி ஊற்றினாள். புட்டியின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"அடியில் என்னம்மா?" என்று கேட்டேன்.

"உப்புங்க. உப்புத் தண்ணி குடுன்னு தோட்டத்து மருந்துக்காரரு சொன்னாரு. எவ்வளவுன்னு சொல்லலைங்க. கரையிற வரைக்கும் போட்டேன். அப்புறம் எம்புட்டுக் கலக்கியும் கரையலை, அடியில கெடந்திச்சு. சரி, தண்ணிக்கு இது போதும் போலன்னு நிப்பாட்டிட்டேன்."

புட்டியை வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நாக்கில் வைத்தேன். தொண்டை வரை எரிந்து இருமல் வந்தது. நான் வேதாரண்யத்துக்காரன். வெயிலில் சுண்டிச் சுண்டி, இனி உப்பைத் தாங்க முடியாமல் உப்பளப் பாத்தியின் அடியில் விடத் தொடங்கும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலில் வெடிப்பு இருந்தால் அதில் இறங்கவே தயங்குவோம். அந்தத் தண்ணீரைத்தான் இந்தக் குழந்தை விடிந்ததிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறது.

சொல்ல வாயெடுத்தேன், இருமல் விடவில்லை. அவள் புட்டியை வாங்கிக்கொண்டாள். அப்போது வண்டி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. பெட்டியில் விளக்கு இல்லை. புகை நெடிக்கு நடுவே, புட்டியின் வாயில் கரண்டி இடிக்கும் சத்தம் கேட்டது. இருட்டில் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் வீறிட்டாள்.

"யாரது? கைய எடு!" என்று பெரியவர் அதட்டினார்.

"கொடுக்காதே அம்மா! அதைக் கொடுக்காதே!"

கரண்டி கீழே விழுந்தது. சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தபோது குழந்தையின் கண்கள் மேலே செருகியிருந்தன. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. முதலில் அசைந்தவர் பெரியவர்தான்.

"நாவலப்பிட்டி வேணாம், ஹட்டன்லயே இறங்குங்க. கார் நான் புடிக்கிறேன்."

ஹட்டன் ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். இழுப்பை நிறுத்த ஊசி போட்டுவிட்டு, புட்டியை வாங்கி ஒரு துளி ருசி பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இதையோ குழந்தைக்குக் குடுத்தனீங்கள்?" குரல் உயரவில்லை. "இனி வெறுந்தண்ணியை ஊத்தி அவசரப்படவும் ஏலாது. உடம்பில ஏறின உப்பைக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் இறக்க வேணும்."

கண்டி ரயில் போய்விட்டது. பெரியவரும் தான் புறப்பட்ட வேலையை விட்டுவிட்டார். வராந்தா பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மாலையில் நர்ஸ் வந்து, குழந்தை சிறுநீர் கழித்தது, இழுப்பு திரும்ப வரவில்லை என்று சொன்னாள். பிழைத்துவிடும் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னாள்.

அதைக் கேட்டபின்தான் அந்தப் பெண் நடந்தது என்னவென்று என்னிடம் விசாரித்தாள். தண்ணீரில் உப்பு அளவுக்கு மீறிவிட்டது என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை.

"நல்லாக் கரைஞ்சதைத்தானேங்க குடுத்தேன். கரையாததை அடியிலேயே விட்டுட்டேனே."

"நீ ருசி பார்க்கவில்லையா அம்மா?"

"பாப்பா மருந்தாச்சேன்னு வாயில வெக்கலைங்க."

மறுநாள் காலை அதே ரயிலில் கண்டிக்குப் புறப்பட்டேன். பெட்டி நிறைய ஆட்கள். எங்கள் ஊரிலும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்புத் தண்ணீர் கொடு என்றுதான் சொல்வார்கள். என் வாயாலேயே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. உப்பு விளைகிற ஊரில் அதைக்கூடவா தெரியாமல் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

வண்டி ஏறுமுன், ஸ்டேஷனுக்கு வரும் வழியில் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்திருந்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தாய் கட்டிலின் அருகே தரையில் உட்கார்ந்து அந்த உப்புத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தாள். விரலை விட்டு நாக்கில் வைத்தாள். துப்பவில்லை. வாயை மூடிக்கொண்டு, அதை அப்படியே விழுங்கினாள்.