எண் மறைத்த புரொப்பெல்லர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மைதானத்தில் ‘அடுத்த வாரம்’ என்றுதான் பெயர். ஞாயிறு தவறாமல் ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானத்தோடு வந்து நிற்பார். எல்லார் விமானமும் ஏறும். அவருடையது மட்டும் புல்லில் நாலு குதி குதித்துக் குப்புற விழும். “அடுத்த வாரம் பாருங்க” என்பார். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

கோளாறு விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியான புரொப்பெல்லரில்தான் என்பது அவர் முடிவு. அதில் பொறித்திருக்கும் எண் பத்துக்கு ஆறு என்றால் பத்து அங்குல நீளம், ஒரு சுற்றுக்கு ஆறு அங்குலம் முன்னே இழுக்கும். ஒன்பதுக்கு ஆறு போட்டார், போதவில்லை. பதினொன்றுக்கு ஏழு போட்டார், மோட்டார் புகைந்தது. வீட்டின் பின்னறை முழுக்கப் புரொப்பெல்லர்கள். தையல்காரியான மனைவியின் மெஷினோ அடுப்பை ஒட்டிக் கிடந்தது. போன மாதம் ஒரு கல்யாண உடுப்பில் எண்ணெய் தெறித்து, தைக்கக் கொடுத்தவள் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனாள்.

“இந்த ஞாயித்துக்கிழமை பறந்தா அறை உங்களுக்கு. இல்லைன்னா எனக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது” என்றாள் மனைவி. வீம்புக்குக் குறைச்சலில்லாத மனிதர், சரி என்று தலையாட்டினார்.

தன் வெற்றியைக் கண்ணால் பார்க்க அவளும் மைதானத்துக்கு வந்தாள். திரும்பியதும் அறையை அளக்க டேப்பைக்கூடப் பையில் வைத்திருந்தாள். அவர் மறுபடி பத்துக்கு ஆறைத் தேர்ந்தெடுத்து, எண் உள்பக்கம் போகும்படி மாட்டினார்.

“ஏங்க, இது என்ன, உள்பக்கத்தை வெளியில வச்சுத் தைச்ச மாதிரி? வளைஞ்ச பக்கம் பின்னாடி இருக்கு.”

“மெதுவா பேசு. எண் வெளியில தெரிஞ்சா அதோ விமானம் விடற அந்த மருந்துக்கடைக்காரர் பாத்துடுவார்.”

“பாத்தா?”

“நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்ச அளவு! சும்மா தூக்கிக் குடுக்கணுமா?”

பறக்காத விமானத்தின் ரகசியத்தை யார் திருடப் போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அறை அவளுடையது. டேப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். “திருப்பி மாட்டிப் பாருங்க.”

முணுமுணுத்தபடி திருப்பி மாட்டினார். விமானம் மூன்று குதிகூடக் குதிக்கவில்லை, விருட்டென்று மேலே போய்விட்டது. மைதானமே கைதட்டியது. மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார்.

“என்ன அளவு போட்டீங்க?”

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் வாயெல்லாம் பல்லாக அண்ணாந்து நின்றாள்.

“பத்துக்கு ஆறு!” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். “ரெண்டு வருஷமா திருப்பி மாட்டியிருக்கேன். கண்டுபிடிச்சது என் பொண்டாட்டி!” பிறகு அவள் பக்கம் திரும்பி, “அறை உனக்குத்தான். இன்னைக்கே காலி பண்றேன்” என்றார்.

“அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல அதைக் கீழே இறக்குங்க.”

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. ஏற்றவே இரண்டு வருடம் பட்டவர், இறக்க எங்கே பழகினார்?