பசியை வென்ற பங்காரு

"பசியா? அது என்னப் பாத்தா ஓரமா ஒதுங்கிப் போவும். கிருத்திகைக்கு மட்டும் இல்ல, மாசம் முழுக்க விரதம்னாலும் இந்த பங்காரு அசையமாட்டான்!"

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கும் மலைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் பங்காருவின் இந்த முழக்கத்தைக் கேட்காமல் மலையேறிய பயணிகள் குறைவு. இதில் பொய் துளியும் இல்லை என்பதுதான் விசேஷம். அவருக்கு உண்மையிலேயே பசிக்கவில்லை. ஒன்றரை இட்லியில் வயிறு நிரம்பிவிடும். கிருத்திகையன்று தண்ணீர் மட்டும். இது முருகன் கொடுத்த வரமென்று பூக்கார ரத்தினம்மாள் கையெடுத்துக் கும்பிட, இவரும் கூச்சமில்லாமல் ஆசி வழங்கத் தொடங்கியிருந்தார்.

வரத்துக்குச் சில பக்கவிளைவுகள் இருந்தன. காக்கிச் சட்டை ஆணியில் மாட்டியதுபோல் அவர் தோளில் தொங்கியது. மலைப்பாதை வளைவில் வண்டி சாயும்போதெல்லாம் வயிற்றுக்குள் 'களக் களக்' என்றது.

"இன்னாண்ணா, சீட்டுக்கு அடியில தண்ணி கேன் வச்சிகினு ஓட்றீங்களா?" என்று ஒரு பெண் கேட்டேவிட்டாள்.

"டீசல் டேங்க்கும்மா" என்றார் மகான்.

அவர் மனைவி தேவகிக்கு மட்டும் இந்த வரத்தில் நம்பிக்கையில்லை. ஒருநாள் சாயங்காலம் மகான் வாந்தியெடுத்தபோது அவள் குனிந்து பார்த்தாள்.

"நேத்து மத்தியானம் போட்ட கொத்தவரங்கா, பாவா! நான் நறுக்குன துண்டு எனக்குத் தெரியாதா? இப்பிடியே போனா உன் படத்துக்குத்தான் நான் சோறு வெக்கணும்."

மறுநாளே சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பல வருஷச் சர்க்கரை, இரைப்பையை அசைக்கும் நரம்பைக் கெடுத்துவிட்டதாம்; போட்ட சோறு போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறதாம். இனி விரதம் கூடவே கூடாது என்றார் டாக்டர். வயிறு காலியானால் பசியைக் கிளப்ப உடம்பே சுரக்கும் ஹார்மோன் ஒன்று உண்டு; அதைப்போலவே செய்த ஊசி இரைப்பையை அசைத்துச் சோற்றைக் கீழே தள்ளலாம். கடைக்கு இன்னும் வராத மருந்து, பரிசோதனையில் இருக்கிறது. அதில் சேருகிறவர்களில் சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

வெளியே வந்ததும் பங்காரு குமுறினார். "பசிய ஊசி போட்டு ஏத்திக்கணுமா? ஸ்டாண்டுல தெரிஞ்சா என் மானம் இன்னாவறது?"

"மானம் நிக்கறது இருக்கட்டும். மொதல்ல இடுப்புல பேண்ட்டு நிக்கட்டும்" என்றாள் தேவகி.

பரிசோதனையில் சேரக் கையெழுத்துப் போட்டார். தினமும் பீரோக் கதவின் மறைவில் ரகசியமாக ஊசி ஏறியது.

அடுத்த கிருத்திகையும் வந்தது. டாக்டர் சொன்னது டாக்டரோடு. ஸ்டாண்டில் தம் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா? வெறும் வயிற்றோடு கிளம்பிப் போய், கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த பயணி ஒருவரிடம் வழக்கமான முழக்கத்தைப் பாதி முழங்கியிருந்தார். அப்போது வயிற்றிலிருந்து நீளமாக ஓர் உறுமல் கிளம்பியது.

பக்கத்து ஆட்டோ கோதண்டபாணி எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, வண்டி ஆஃப்ல கீது, சத்தம் மட்டும் வருது?"

பங்காரு பயணியை அவர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். வண்டியை நேரே வீட்டுக்கு விட்டார். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"தேவகி... சோறு ஆயிடுச்சா?"

கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது. அவள் திரும்பாமலே கேட்டாள். "இன்னிக்குக் கிருத்திகையாச்சே, பாவா?"

"ஆங், தெரியும்" என்றபடி தெருக்கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார் பங்காரு. "கொஞ்சம் கொழைவா போடு."