செண்பகம் போடாத கையெழுத்து

அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான். பிறர் சொல்லி உங்களுக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். "என் விருப்பத்தின்பேரில் என் மகன்/மகள் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கும் அடங்கிய முதல் பிரிவில் சேர்கிறார். தேர்ச்சி பெறாவிட்டால் அதற்கு நானே முழுப் பொறுப்பு." கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. நூறு பிரதி எடுத்து வைத்திருந்தோம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். பெயர் வீரராகவன். செவ்வாப்பேட்டையிலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிறேன். ஒன்று தாமதமானாலும் முதல் பீரியட் போனது போனதுதான். பத்தாம் வகுப்புக் கணக்கில் அறுபதுக்குக் கீழே வாங்கிய பிள்ளை பிளஸ் ஒன்னில் முதல் குரூப் கேட்டால், பெற்றோரிடம் அந்தக் கடிதத்தை நீட்டுவோம். முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்ததுமே பயந்துபோய் காமர்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதற்காகத்தான் கடிதமே. பிளஸ் டூவில் தேர்ச்சி விகிதம் குறைந்தால் திருவள்ளூர் கல்வி அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்களே என்ற பயம் எங்களுக்கு.

செண்பகம் அட்மிஷனுக்கு வந்தபோது புடவைமேல் கம்பெனியின் நீலக் கோட்டு போட்டிருந்தார். பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாகக் காண்ட்ராக்ட் வேலை. பக்கத்தில் மகள் பிரின்சி. கணக்கில் நாற்பத்தேழு.

தலைமையாசிரியர் மணவாளன் குரலை உயர்த்தாத மனிதர். நாலும் கஷ்டமான பாடம், கணக்கையாவது விட்டுவிடட்டும், இல்லையென்றால் காமர்ஸ் எடுக்கட்டும் என்று பொறுமையாகச் சொன்னார். நான் பிரின்சியைக் கேட்டேன். நர்ஸிங் போவதா இன்ஜினியரிங் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, பதினைந்து வயதிலேயே எதற்காக ஒன்றை விடவேண்டும் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன்.

பிள்ளையால் முடியுமா, யோசித்துப் பாருங்கள் என்றார் மணவாளன்.

"கம்பெனில நான் நாலு மெஷின் பாக்குறேன் சார்," என்றார் செண்பகம். "குடுக்கும்போது உன்னால முடியுமான்னு எவனும் கேக்கல. இவ படிக்கிறேன்னு வந்து நிக்கிறா. இவள மட்டும் கேக்குறீங்க."

நான் கடிதத்தை நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. படித்து முடித்ததும் தன் கணவரைப் பற்றிச் சொன்னார்.

கணவர் இம்மானுவேல் ஓர் இரும்பு உருட்டாலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவரும் படிக்காமலே போட்டுவிட்டார். படித்துக்கொண்டு நின்றால் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டுவிடுவார்களாம். ஏழாவது மாதம் வலது கையில் மூன்று விரல் போயிற்று. நஷ்டஈடு கேட்கப் போனபோது அந்தத் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். விபத்து நேர்ந்தால் அதற்கு நானே முழுப் பொறுப்பு என்று அதில் இருந்தது.

"அதே வார்த்தை சார்," என்று என் கடிதத்தை மேசைமேல் வைத்தார். "நான் போடமாட்டேன்."

கையெழுத்து இல்லாமல் சீட்டுக் கொடுக்கமுடியாது என்றார் மணவாளன். சரி, கையெழுத்துப் போடாததால் சீட்டு இல்லை என்று எழுதி சீல் வைத்துக் கொடுங்கள், வாங்கிக்கொண்டு போகிறேன் என்றார் செண்பகம். இப்படிக் கடிதம் வாங்க எந்த விதியும் கிடையாது, அப்படி எழுதிக் கொடுத்தால் முதலில் மாட்டிக்கொள்வது நாங்கள்தான் என்று மணவாளனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில் பிரின்சிக்கு நாலு பாடமும் கிடைத்தது.

எனக்கு ஒரே எரிச்சல். ஃபெயிலாகட்டும், அப்போது தெரியும் என்று மனசுக்குள் கருவிக்கொண்டேன். வாத்தியார் நினைக்கக்கூடாத நினைப்புதான், ஆனாலும் நினைத்தேன்.

காலாண்டுத் தேர்வில் பிரின்சிக்குக் கணக்கில் இருபத்தெட்டு. ஃபெயில். மணவாளன் செண்பகத்தை வரச்சொன்னார். காமர்ஸுக்கு மாற்றிவிடுவது, மறுத்தால் இந்த முறை கையெழுத்து வாங்காமல் விடுவதில்லை என்று பேசி வைத்திருந்தோம். கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. செண்பகம் ரேங்க் கார்டை வாங்கி, அன்றைக்குப் போலவே நிதானமாகப் படித்தார்.

"பயாலஜில அம்பத்திரண்டுன்னு போட்டுக்கீது. அதுக்கு வாத்தியாரே இல்லன்னு பாப்பா சொல்லிக்கினு இருந்துச்சே?"

ஜூனிலிருந்து அந்த இடம் காலி, அவளாகவே படித்து எழுதியதுதான் என்றேன்.

"கணக்குக்கு யாரு சார்?"

"நான்தாம்மா."

"அப்ப, வாத்தியார் இல்லாத பாடத்துல பாஸு. வாத்தியார் இருக்குற பாடத்துல ஃபெயிலு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இதுக்கு யாரு சார் எழுதிக் குடுக்கணும்?"

ரயிலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பிரின்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வகுப்புக்குத் தினமும் முதல் பீரியட் கணக்கு. நான் எத்தனை நாள் மணி அடித்த பிறகு கேட்டுக்குள் ஓடிவந்தேன் என்பது எனக்குத் தெரியுமோ இல்லையோ, அவளுக்குத் தெரியும். அவ்வளவு வெட்கம் என் இருபது வருட சர்வீஸில் பட்டதில்லை.

மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்தேன். பெற்றோர் என்ற சொல்லை அடித்துவிட்டுக் கணித ஆசிரியர் என்று எழுதினேன். மேலே இருந்ததையும் அடித்துத் திருத்தி, பிரின்சி கணக்கில் தேர்ச்சி பெறாவிட்டால் அதற்கு நானே முழுப் பொறுப்பு என்று ஆக்கினேன். கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டேன். இதெல்லாம் என்ன சார் வேண்டாத வேலை என்று மணவாளன் பதறினார். காமர்ஸ் பேச்சை அதற்குமேல் அவரும் எடுக்கவில்லை.

தாளை செண்பகத்திடம் கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"தேதி போடல சார்."

போட்டுக் கொடுத்தேன்.