குடியை விட்டவர்கள் பேசும் பாஷை

குடியை நிறுத்தச் சொல்லிச் சம்பளம் வாங்குவதைப் போல ஒரு வெட்டி உத்தியோகம் உலகத்தில் இல்லை. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குடிகாரரை வைத்துக்கொண்டு அவதிப்படும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மதுவிலக்கு வந்த புதிதில் நான் புதுக்கோட்டையில் பிரசாரகன். குடியை விட நினைப்பவர்களை வெள்ளிக்கிழமைதோறும் திருக்கோகர்ணத்தில் கூட்டிவைத்துப் பேசவிடுவது என் வேலை. மேலதிகாரி ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் படித்துவிட்டு, அதற்கென்று சில மந்திரச் சொற்களை அனுப்பியிருந்தார்.

இன்றைக்கு மட்டும்

இனிமேல் குடிக்கவே மாட்டேன் என்றால் மலைப்பாக இருக்குமாம். அதனால் 'இன்றைக்கு மட்டும் குடிக்க மாட்டேன்' என்று சொல்ல வேண்டும். தையல்காரர் செல்லையா அதை உருக்கமாகவே சொன்னார். அவர் மனைவி கோபித்துக்கொண்டு திருவரங்குளத்தில் தாய்வீட்டில் இருந்தார். இவர் குடியை விட்டால்தான் திரும்புவாராம். சில வாரம் கழித்து, எப்படிப் போகிறது என்று விசாரித்தேன்.

"வெள்ளிக்கிழமையானா தொடுறதே இல்லைங்கய்யா. சொன்னா சொன்னதுதான்."

துணை

ஆசை வந்தால் தனியாக இருக்கக் கூடாது, கூட்டத்தில் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட வேண்டும் என்பது அடுத்தது. செல்லையாவுக்குத் துணையாக சைக்கிள் கடைச் சின்னையாவைப் போட்டேன். அந்த வாரமே இருவரும் தோளில் கைபோட்டபடி கடைத்தெருவில் எதிரே வந்தார்கள். கள்ளச்சாராய நெடி அவர்களுக்கு முன்னால் வந்தது. செல்லையாவைப் பிடித்துக் கேட்டேன்.

"ஆசை வந்துச்சு, கூப்பிட்டேன். பாவம், கடையைப் பூட்டிட்டு ஓடியாந்தாருங்க."

பெயர்

கூட்டத்துக்கு வருகிறவர் பெயரை வெளியே விடக் கூடாது. செல்லையாவின் மனைவி ஒருநாள் பஸ் ஏறி வந்து, அவர் குடியை விட்டுவிட்டாரா, தான் திரும்பி வரலாமா என்று கேட்டார். யார் பெயரையும் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை என்று விறைப்பாகச் சொன்னேன்.

"அவுக பேரை நானும் சொல்றதில்லைங்க. குடிச்சாகளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

சறுக்கல்

விட்டவர் மறுபடி குடித்தால் 'குடித்தார்' என்று சொல்லக் கூடாது, 'சறுக்கிவிட்டார்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அம்மாளிடமும் அப்படியே சொன்னேன். சறுக்கியவரைக் கைகொடுத்துத் தூக்குவது மனைவியின் கடமை என்று ஒரு பிரசங்கம் வேறு செய்தேன். அவர் வாயை மூடியிருந்த முந்தானையை எடுத்தார். முன்பற்கள் இல்லை. திருவரங்குளம் பஸ்ஸுக்குத் திரும்பும்போது அமைதியாகச் சொன்னார்.

"எனக்கும் கெணத்தடியில சறுக்கிருச்சுன்னுதாங்க ஊருல சொல்லி வச்சிருக்கேன்."

குடிக்கிறவருக்கு இத்தனை சொற்களைத் தேடிப் பிடித்து அனுப்பிய எங்கள் இலாகா, அவர் கையால் அடி வாங்குகிறவருக்கு ஒன்றுகூட அனுப்பவில்லை.