பெயர் கூப்பிட்டபோது வந்த குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். ஆகையால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

தொண்ணூற்றொன்றில் ஒரகடம் பக்கம் இரும்பு பீரோ செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். தீப்பிடித்தால் வண்டி தொலைவிலிருந்து வர வேண்டும் என்பதால் எங்களுக்குள்ளேயே தன்னார்வத் தீயணைப்புக் குழு ஒன்று அமைத்தார்கள். தன்னார்வம் என்று பெயர்தான். "எதையும் ஒழுங்கா செய்யிற ஆளு நீங்கதான் சார்" என்று மேனேஜர் அதை என் தலையில் கட்டிவிட்டார்.

பயிற்சி என்று போனால் மணல் வாளியில் வெற்றிலை எச்சில். தண்ணீர்க் குழாயைத் தேடினால் மேனேஜர் கார் கழுவப் போயிருக்கும். சங்கு ஊதியதும் எல்லோரும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து நிற்க வேண்டும், நான் பெயர் கூப்பிட வேண்டும், உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று தெரிய அது ஒன்றுதான் வழி. இவர்களோ டீக்குப் போனவனுக்கும் சேர்த்துப் பக்கத்தில் நிற்பவனே "கீறேன் சார்!" என்று குரல் கொடுப்பார்கள்.

"டேய், நெஜமாத் தீப்பிடிச்சா அவன் செத்தே போவான்டா."

"அப்பவும் நாங்களே குரல் குடுத்துடுறோம் சார், உனுக்கு இன்னா கஷ்டம்?" என்பான் வெல்டர் துரை. எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம், பெயின்ட் ரூம் நிஜமாகவே பிடித்துக்கொண்டது. கரும்புகை. சைக்கிள் ஸ்டாண்டில் நின்று பெயர் கூப்பிட்டேன். பெயின்டர் கன்னியப்பன் பெயருக்கும் "கீறேன் சார்" என்று பதில் வந்தது, அவனுடைய கரகரப்போடு, எனக்கு மிக அருகில். நிம்மதியாக அடுத்த பெயருக்குப் போயிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் ஏமாந்த எரிச்சல் விடவில்லை.

"கன்னியப்பா, முன்னால வந்து மூஞ்சியக் காட்டு!"

யாரும் வரவில்லை. துரையைப் பிடித்துக்கொண்டேன். "இப்பக்கூட விளையாட்டாடா? உனக்கெல்லாம் புள்ள குட்டி இல்ல?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "எம் புள்ள மேல சத்தியமா நான் இல்ல சார். எனுக்கும் கேட்டுச்சு. அவன் குரல்தான். ஆளக் காணம்."

ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நானும் துரையும் உள்ளே போனோம். டின்களுக்குப் பின்னால் கன்னியப்பன் நினைவில்லாமல் கிடந்தான். இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியதும் கூரை விழுந்தது.

இதோடு முடிந்திருந்தால் காதில் ஏதோ கோளாறு என்று விட்டிருப்பேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் கன்னியப்பன் என்னைப் பார்த்ததும் கோபித்துக்கொண்டான்.

"இன்னா சார், முன்னால வான்னீங்க. வந்து நின்னேன். என் மூஞ்சியப் பாத்துகினே துரையப் போயி புள்ள குட்டி இல்லியான்னு திட்டுறீங்க?"

அந்த வார்த்தையை அவனிடம் யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். கண் விழித்த பிறகு கம்பெனியிலிருந்து அவனைப் பார்க்க வந்த முதல் ஆளே நீங்கள்தான் என்றாள், பக்கத்தில் இருந்த அவன் மனைவி.

"அத்த வுடுங்க சார். எம் பக்கத்துல ஒரு பெரியவர் நின்னுகினு இருந்தாரே, அவரு பேர ஏன் கூப்பிடல? கூப்பிடுவீங்க, கூப்பிடுவீங்கன்னு உங்க வாயவே பாத்துகினு இருந்தாரு. பாவமா இருந்திச்சு."

"எந்தப் பெரியவர்டா?"

"தெரியல. நம்ம கம்பெனி நீலச் சட்டதான் போட்டிருந்தாரு."

எங்களிடம் பெரியவர் என்று சொல்லும்படி யாரும் கிடையாது. அந்தச் சட்டையைக் கொடுத்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, எப்போதோ வேலையை விட்டுப் போனவர் என்றும் சொல்ல முடியாது. நேராகக் கம்பெனிக்குப் போய், இன்னொருவரும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தாரோ என்று அந்த அறையின் சாம்பலை நானே கிளறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மீண்டும் ஒரு முறை கிளறினேன்.

இப்போதும் ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது வரிசையாகப் பெயர் கூப்பிட்டு முடித்தால், நான் கூட்டத்தைத்தான் பார்க்கிறேன். கூப்பிடுகிறவரின் வாயையே பார்த்தபடி, எப்போதும் யாரோ ஒருவர் மிச்சம் நிற்கிறார்.