இரண்டும் ஒன்றுபோல

பிறந்தநாள் வீட்டுக்குப் போவதென்றால் இன்றைக்கும் ஏதாவது சாக்குத் தேடுவேன். அதிலும் இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே விழா என்றால் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிடுவேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

செல்போன் தெருவுக்கு ஒன்றிரண்டு வந்திருந்த காலம் அது. சிவகாசிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு அச்சாபீசில் வேலை. அடுத்த வீட்டு மதினி பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவள். அவள் மகளும் என் மகளும் ஒரே நாளில் பிறந்தவர்கள். அதனால் வருடா வருடம் கேக் ஒன்று, பாயாசம் ஒன்று. பரிசு மட்டும் இரண்டு.

அந்தப் பரிசுக்கு எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு. யார் வாங்கி வந்தாலும் ஒரே நிறத்தில், ஒரே அளவில் இரண்டு வாங்கி வர வேண்டும். ஒரு வருடம் யாரோ சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாகத் தண்ணீர் பாட்டில் வாங்கி வர, இரண்டு பிள்ளைகளும் சிவப்புக்காகக் கட்டிப் புரண்டதில் பிறந்த சட்டம். போட்டவள் மதினிதான். கலெக்டர் ஆபீஸ் சூலக்கரையில் இருந்தாலும் எங்கள் தெருவுக்கு அவள் வைத்ததுதான் சட்டம். வாசலில் நின்றுகொண்டு, அச்சில் பழுதான காலண்டர் தாளில் சுற்றி வரும் பொட்டலங்களைக் கைக்கு ஒன்றாக ஏந்தி நிறுத்துப் பார்ப்பாள்.

“ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு? சண்டைன்னு வந்தா ரெண்டையும் ஒங்க வீட்டுக்குத்தான் அனுப்புவேன், பாத்துக்கிடுங்க” என்பாள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. நான் உட்பட.

பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் இருந்த வருடம், தீபாவளி சீசனில் அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. பிள்ளைக்கு முகத்தைக் காட்டும்படி உடல் இல்லை. பிள்ளைகள் இருவரையும் என் தம்பி அன்றே இருக்கன்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்த மதினி மகளிடம், அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் இருப்பதாக அவள் அப்பா சொல்லிவிட்டார்.

“பொங்கல் வரைக்கும் போகட்டும் தங்கச்சி. எனக்குச் சொல்ல வாய் வரல” என்றார் என்னிடம்.

தெருவே சேர்ந்து அந்தப் பொய்யைக் காத்தது. மதினி படத்துக்கு மாலை போடவில்லை. வாய் நீளமான பிள்ளைகளை அதட்டி வைத்திருந்தோம். கார்த்திகையில் பிறந்தநாள் வந்தபோது, சாவு விழுந்த துட்டி வீட்டை ஒட்டிய வீட்டில் விழாவா என்று எனக்கே மனம் ஒப்பவில்லை. ஆனால் நிறுத்தினால் மதினி மகள் ஏன் என்று கேட்பாளே. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

“யாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வராதீக. எப்பவும் போல வாங்க. அழுகணும்னா இப்பவே அழுதுட்டு வந்திருங்க.”

வந்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் ஈரமில்லை. எனக்குத்தான் ஒரு நிலையில் இருப்புக் கொள்ளவில்லை. பாயாசத்தைக் கிண்டிக்கொண்டே எட்டிப் பார்த்தால், வாசல் நிலையருகே மதினி நிற்பதுபோல் இருக்கும். கழுவியும் போகாத பட்டாசு மருந்துக் கறையோடு அவள் விரல்கள்கூடத் தெரியும். நேராகப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் பயமாக இருந்தது. பொட்டலங்களை நிறுத்துப் பார்க்க ஆளில்லாமல் அவை நேரே பிள்ளைகள் கைக்குப் போய்விட்டன.

பிரித்தார்கள். என் மகளுக்குக் கையளவு பொம்மை. மதினி மகளுக்குக் கண் மூடித் திறக்கிற பெரிய பொம்மை. என் மகளுக்குப் பென்சில் டப்பா. அவளுக்கு டப்பாவோடு ஒரு புதுப் பையும். அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். தாயில்லாப் பிள்ளைக்கு ஒரு சுற்றுக் கூடத்தான் இருக்கட்டுமே என்று ஆளாளுக்குத் தனித்தனியே நினைத்திருக்கிறார்கள். தான் மட்டும்தான் அப்படிச் செய்கிறோம் என்று ஒவ்வொருத்திக்கும் நினைப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

“எனக்கு மட்டும் ஏன் சின்னது?” என்று என் மகள் அழ ஆரம்பித்தாள். பெரியது கிடைத்தவள் குதிக்கவில்லை. தன் பக்கம் குவிந்திருந்ததையும் என் மகள் பக்கம் கிடந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து கேட்டாள்.

“அத்தை, பின் தெருப் பையனுக்கு அவுகப்பா செத்தப்பதான எல்லாரும் இப்பிடி நெறையாக் குடுத்தாக?”

கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். மதுரை டாக்டர்களைப் பற்றி அதுவரை சரளமாகப் பொய் சொல்லி வந்தவள் நான். அந்த நேரத்தில் குனிந்து, பிரித்துப் போட்ட காலண்டர் தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அவள் திரும்பிப் போய்ப் பெரிய பொம்மையைத் தூக்கி என் மகள் மடியில் வைத்தாள். பையைக் கொண்டுபோய் வைத்தாள். வளையல் பெட்டியையும் வைத்தாள். தன் பக்கத்தில் ஒன்றும் மிச்சமில்லாதபடி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் கையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் அத்தை. அம்புட்டையும் குடுத்திட்டேன், பாருங்க. இப்ப எங்கம்மா வந்துருமா?”